மூன்று கொம்பும் ஒரு வலது தோளும்

என்னுடைய முதல் பச்சோந்தி பதினான்கு மாதம் வாழ்ந்தது. அந்தப் பதினான்கு மாதமும் அதைப் பற்றித் தினம் ஒரு வரி எழுதினேன். காலை பச்சை. ஐந்து பூச்சி. தண்ணீர் குடித்தது. மாலை பச்சை. அடுத்த நாளும் இதே வரி, அதற்கடுத்த நாளும் இதே வரி. நான்காம் மாதத்திலிருந்து 'மேற்படி' என்று மட்டும் எழுதத் தொடங்கினேன். செனகலிலிருந்து வந்த இனம். ஆற்றங்கரையில் பறவைகளும் ஆமைகளும் விற்கிற கடைக்காரி, "புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது" என்று சொல்லித்தான் தந்தாள். அவள் சொன்னது சரியென்று நிரூபிப்பதையே தன் கடமையாகக் கொண்டு வாழ்ந்து, ஒரு நவம்பர் காலையில் யாருக்கும் தொந்தரவில்லாமல் செத்துப்போனது. அன்றைக்கு மட்டும் 'மேற்படி' போட முடியவில்லை.

லாச்சப்பலில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அறை நாலு மீற்றர் பத்துக்கு மூன்று மீற்றர் நாற்பத்தைந்து. அளந்தவன் நான்தான், இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பத்தொன்பது வருடம் படம் வரைந்தவன். மலைகளுக்குச் சமவுயரக் கோடு போட்ட கையால் பாரிசில் மாலை நேரங்களில் அலுவலகத் தரை துடைத்தேன். அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஒரு பேக்கரியின் நிலவறையில் பாண் சுடுகிற போறணைக்குப் பக்கத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய்விடுவார். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், உணவகமொன்றில் கோப்பை கழுவினார். ஊரில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பதினோரு வருடம் கோட்டுக்குப் போனவர். பிரான்சிலும் அவருக்கு வழக்கு இருந்தது, அகதி வழக்கு. ஆகவே இவரை வழக்குக்காரர் என்றும் மற்றவரைப் பேக்கரிக்காரர் என்றும் எழுதுகிறேன்.

நாற்பத்தாறு வயதில் ஏன் பச்சோந்தி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரோடும் இருந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அறையில் வாயைத் திறக்காத ஒரு ஜீவனாவது வேண்டியிருந்தது.

வாயைத் திறக்காததால்தான் பிரச்சினையும் வந்தது. முதல் பச்சோந்தியை வாங்கி இரண்டு கிழமையில், வழக்குக்காரருக்குத் தற்காலிக வதிவிடத் துண்டைப் புதுப்பிக்கப் பிரிபெக்சர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று அதைப் பார்த்தார். பச்சையாக இருந்தது. போன காரியம் நடந்தது. அடுத்த முறையும் பார்த்தார், பச்சை, நடந்தது. மூன்றாம் முறை சப்பாத்துப் போட்ட பிறகு திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். அது எப்போதும் பச்சைதான், அதற்கு வேறு நிறம் தெரியாது என்று நான் சொன்னேன்.

"அதுதானே அண்ணை நானும் சொல்லுறன்," என்றார். "எப்பவும் நல்லதுதான் சொல்லுது."

அது செத்தபோது அவர் மூன்று நாள் மச்ச மாமிசம் சாப்பிடவில்லை. பேக்கரிக்காரர் அவர் முன்னால் இருந்து மூன்று நாளும் மீன்குழம்பு சாப்பிட்டார்.

இனி அடுத்தது. கடைக்காரி அதே செனகல் இனத்தில் இன்னொன்றைக் காட்டினாள். எனக்கு வேண்டாமென்றேன். இன்னும் பதினான்கு மாதம் 'மேற்படி' எழுத நான் ஆயத்தமாக இல்லை. கடினமான இனம் எது என்று கேட்டேன். அவளிடம் இரண்டு இருந்தன, மூன்றாவதை வரவழைக்கலாம் என்றாள். வரவழைக்கக்கூடியது மடகஸ்காரின் பெரிய இனம். ஒரு முழத்துக்கு மேல் வளரும். அது அறைக்குள் வந்தால் எங்களில் ஒருவர் வெளியேற வேண்டும். இருந்த இரண்டில் ஒன்று சுண்டுவிரல் நீளம், காய்ந்த இலை மாதிரி, தரையில் திரிவது. வழக்குக்காரர் நடக்கிற தரையில் அதன் ஆயுளைக் கணக்கிட்டேன். ஒரு நாள் என்றுதான் விடை வந்தது. மிஞ்சியது மூன்று கொம்புக்காரன்.

கென்யாவின் மலைக்காட்டில் பிடித்தது. நெற்றியில் இரண்டு கொம்பு, மூக்கில் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதவான் மாதிரி இருந்தது.

"இது உங்களுக்கு வேண்டாம், மெசியே," என்றாள். "வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் கொன்றுவிட்டார்கள். வெப்பமான வீட்டில் வைப்பார்கள். இதற்கு இரவில் குளிர் வேண்டும். உங்கள் வீட்டில் இரவில் எத்தனை பாகை?"

"பன்னிரண்டு."

"ஹீற்றரை நிறுத்திய பிறகா?"

"போட்ட பிறகு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஈரம் வேண்டும். காய்ந்த காற்றில் நுரையீரல் போய்விடும்."

"வடக்குச் சுவரில் காளான் முளைத்திருக்கிறது."

"நேர் வெயில் கூடாது."

"நான் குடிவந்த பிறகு விழுந்ததில்லை."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "பாரிசில் இதற்கென்றே கட்டிய அறை வைத்திருக்கிற ஒருவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள். எங்கள் அறையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்று வருடமாக வீட்டுக்காரரிடம் அந்தச் சுவரைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தவன், முதல்முறையாக அதில் பெருமைப்பட்டேன்.

அதைவிடக் கடினமானவை பின்னால்தான் இருந்தன. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது கண்டுகொள்ளாது. இலையிலிருந்து சொட்ட வேண்டும், காலையும் மாலையும் ஒவ்வொரு மணிநேரம். மருந்துக்கடையில் சேலைன் குழாய் வாங்கிக் கூரையில் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டேன். அறைக்கு வருகிறவர்கள் யாருக்கு வருத்தம் என்று விசாரித்தார்கள். செத்த பூச்சியை அது தொடாது. பேக்கரிக்காரர் போறணைச் சூட்டில் பெருகிக் கிடந்த சுவர்க்கோழிப் பூச்சிகளைப் பிடித்து, ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளிக்கு அதில் மிகுந்த சந்தோஷம். எல்லாவற்றிலும் முக்கியமாக, அதைத் தொடக்கூடாது. தூக்குவது, தடவுவது, விருந்தாளிக்குக் காட்டுவது எல்லாம் அதற்கு நோய். இதைக் கடைக்காரி இரண்டு தரம் சொன்னாள்.

முதல் நாள் பேக்கரிக்காரர் வேலையால் வந்து கூட்டின் முன்னால் நின்றார்.

"மூண்டு கொம்போ? அண்ணை, பிசாசுக்கே ரெண்டுதான்."

"எங்கட ஊர் முனியப்பருக்கு ஒண்டுகூட இல்லை," என்றார் வழக்குக்காரர், கட்டிலில் இருந்தபடி. அவருக்குக் கவலை கொம்பில் இல்லை. "ஏன் அண்ணை இது கறுப்பாயிருக்கு?"

கறுப்பாகத்தான் இருந்தது. குளிர்ந்தால் கறுக்கும்; கறுத்த உடம்பு சூட்டை வேகமாக உறிஞ்சும். பகல் பத்து மணிக்கு மேல் சூடேறிய பிறகு பச்சையாகும். இரவில் ஹீற்றரை நிறுத்திவிடுவேன். ஆகவே ஒவ்வொரு காலையும் அது கரிக்கட்டி. இதை அவருக்கு அன்றே விளக்கினேன். அவர் இரண்டு போர்வைக்குள் இருந்து கேட்டார்.

"எனக்குக் கம்பளி, ஓணானுக்கு அறை," என்றார்.

இது டிசம்பரில். சனவரி நடுவில் பதிவுத் தபால் வந்தது. மேன்முறையீட்டு விசாரணைக்கு அழைப்பு, பெப்ரவரியில், காலை ஒன்பது மணி. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதற்கான நேர்காணலில் பேசும்போது, கடை எரிந்த திகதியையும் தான் ஊரைவிட்ட திகதியையும் அவர் மாற்றிச் சொல்லிவிட்டார். ஊரைவிட்டு நாலு மாதம் கழித்து, எரிந்த கடையைக் கண்ணால் கண்டதாக ஆகிவிட்டது. இந்த மேன்முறையீடும் பிழைத்தால் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை. துண்டைப் பறித்துக்கொண்டு, நாட்டைவிட்டுப் போ என்று கடிதம் வரும். ஊரில் அவருக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வதிவிட அட்டை கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம்.

நான் திகதி மனிதன். ஒரு தாளில் ஒன்பது திகதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். தினமும் சொட்டுநீர் விடுகிற நேரத்தில் கேள்வி கேட்டேன். ஒரு கிழமையில் தூக்கத்தில் கேட்டாலும் சொன்னார். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் கூட்டைப் பார்ப்பார். கறுப்பு. மறுநாள் கறுப்பு. பேச்சுக் குறைந்துகொண்டு வந்தது. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு காலை தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, நான் போகேல்லை."

"எங்கை?"

"விசாரணைக்கு. உது வேண்டாமெண்டு சொல்லுது."

என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். வெப்பநிலை ஒரு பத்தி, நிறம் ஒரு பத்தி. நாற்பத்தொரு காலை. ஒன்பது பாகை, கறுப்பு. எட்டரை, கறுப்பு. ஒன்பது, கறுப்பு. "பாரும், எல்லாம் குளிர். நாற்பத்தொரு நாளும் ஒண்டுதான்," என்றேன்.

அவர் விரலால் பத்தியை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார்.

"நாப்பத்தொரு தரம் சொல்லியிருக்கு," என்றார். "நீங்களே கைப்பட எழுதியும் வைச்சிருக்கிறியள்."

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் என் பதிவேட்டைக் கொண்டு என்னை மடக்கியவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் பேக்கரிக்காரருக்கு விஷயம் தெரிந்தது. அவர் கையில் ஒட்டிய மாவைக் கழுவாமலே நின்று ஏசினார்.

"உமக்கு விசரோ, ஐசே? ஓணான் பாத்து வழக்குக்குப் போற ஆளை நான் இஞ்சைதான் காணுறன். பெண்டில் பிள்ளையளுக்கு என்ன சொல்லுவீர்? ஓணான் கறுத்துப்போச்சு, நீங்கள் அங்கையே இருங்கோ எண்டோ?"

"நீர் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறீர்தானே."

"மாதா நிறம் மாறுறவவோ?"

சத்தம் கூடியதும் நான் வெளியே போய் மாடிப்படியில் இருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன்: செனகல் இனத்தையே மறுபடி வாங்கியிருந்தால் இந்த மனுஷன் விசில் அடித்துக்கொண்டு போயிருப்பார். 'மேற்படி' எழுத அலுப்புப்பட்டு நான் ஒருவனுடைய அட்டையில் கைவைத்துவிட்டேன். பெரிய ஹீற்றரொன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பச்சையாக்கலாம்; இரவு முழுக்கச் சூடேற்றினால் இரண்டு கிழமையில் அது செத்துவிடும், செத்த ஓணான் எந்த நிறத்திலும் நல்ல சகுனமில்லை.

வழியை அவரே கண்டுபிடித்தார். அதைப் பதினோரு வருடம் கோட்டுக்குப் போனவரால் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு நான் வேலைக்குப் புறப்படும் நேரம், யாரிடமோ இரவல் வாங்கிய பழைய பஞ்சாங்கமொன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோட்டுப் படியேறுகிற பளபளப்பு.

"அண்ணை, நிறத்தைப் பற்றி இதிலை ஒரு வரியும் இல்லை."

"எதிலை?"

"பல்லி விழும் பலனிலை. எந்த உறுப்பிலை விழுந்தால் என்ன பலன் எண்டுதான் கிடக்கு. நிறம் சட்டத்திலையே இல்லை. நான்தான் வீணாய்ப் பயந்துபோனன்."

"அது பல்லிக்கு, ஐசே. உது பல்லியே?" என்று பேக்கரிக்காரர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். அவர் பகலில் தூங்குகிறவர்.

"அதுக்கும் கீழை போட்டிருக்கு. பல்லிக்கு விழுகிறது எப்பிடியோ, ஓணானுக்கு ஏறுகிறது அப்பிடி. விழுந்தால் கணக்கில்லை, ஏறவேணும். வலது தோளிலை ஏறினால் வெற்றி." அவர் என்னைப் பார்த்தார். "உங்கட ஓணான் ஏறுமோ, அண்ணை?"

தொடக்கூடாத மிருகம். கடைக்காரி இரண்டு தரம் சொன்னது. இருந்தும் சொன்னேன்: "ஏறுறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஆனால் தோளிலை நிக்காது."

அதுதான் சிக்கல். எந்தப் பச்சோந்தியும் கிடைக்கிற இடத்தில் ஆக உயரமான புள்ளிக்குப் போய்த்தான் நிற்கும். நிற்கிற மனிதனில் ஆக உயரமான புள்ளி தலை. தலைக்கு என்ன பலன் என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தை மூடினார். "கலகம்," என்றார்.

அன்று வேலையில் தரை துடைத்தபடியே விடையைக் கண்டேன். மலையை மாற்ற முடியாது, மனிதனைச் சரிக்கலாம். இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால் வலது தோள் மேலே வரும். தலையை மெத்தையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால் அது தாழ்ந்துவிடும். வலது கையை முன்னால் சரித்து உள்ளங்கையைப் படுக்கையில் வைத்தால், மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரே ஏற்றம். இடுப்பு மட்டும்தான் சந்தேகம்.

மறுநாள் ஒத்திகை. ஒத்திகையில் ஏறினாலும் அது பலனாகிவிடும் என்று வழக்குக்காரர் படுக்க மறுத்தார். ஆகவே பேக்கரிக்காரர் படுத்தார்.

"எனக்குப் பிரச்சினை இல்லை. நான் ஞானஸ்நானம் வாங்கின ஆள், எங்கை ஏறினாலும் செல்லாது," என்றார்.

முதல் தரம் தலையணையை எடுக்க மறந்துவிட்டோம். அது போய்க் காதில் இருந்தது. இரண்டாம் தரம் தலை சரி, ஆனால் பேக்கரிக்காரரின் இடுப்பு ஒரு குன்று. தோளைத் தாண்டிப் போய்க் குன்றின் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது.

"ஐசே, இடுப்புக்கு என்ன போட்டிருக்கு, வாசியும் பாப்பம்."

"உமக்குப் பலனில்லை. நீர் வேதக்காரர்."

"சும்மா ஒரு ஆசைக்குக் கேக்கிறன்."

மூன்றாம் தரம் அவருடைய இடது தோளுக்குக் கீழே பாரிஸ் தொலைபேசிப் புத்தகத்தைக் கொடுத்தேன். தோள் ஆறு சென்ரிமீற்றர் உயர்ந்தது. ஏறி நின்றது. வழக்குக்காரர் ஒல்லி என்பதால் இன்னும் சுலபம். ஒத்திகை மத்தியானம் நடந்தது, ஏறுவதற்கு நாலு நிமிடம். அங்கேதான் நான் பிழைவிட்டேன். மத்தியானத்தில் அறை பதினெட்டுப் பாகை.

விசாரணை நாள். ஏழு இருபதுக்குப் புறப்பட்டாக வேண்டும், இரண்டு மெற்றோ மாற வேண்டும். பேக்கரிக்காரர் வேலைக்குப் போய்விட்டார். பூசைக்குப் போடுகிற கோட்டை வழக்குக்காரருக்காகக் கதிரையில் விரித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆறு மணிக்கு வழக்குக்காரர் முகம் கழுவி, திருநீறு பூசி, கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு, தொலைபேசிப் புத்தகத்தின்மேல் சரிந்து படுத்தார். தலை சுவர்ப்பக்கமாகத் தொங்கியது. அறை எட்டரைப் பாகை. ஆறு பதினான்குக்கு அதைக் கிளையோடு எடுத்து அவருடைய மணிக்கட்டில் விட்டேன்.

கரிக்கட்டி. ஒரு காலைத் தூக்கும், முன்னும் பின்னும் ஆடும், வைக்கலாமா என்று யோசிக்கும், வைக்கும். பிறகு இரண்டாவது காலைத் தூக்குவதைப் பற்றி யோசிக்கும். ஆறு முப்பத்தொன்றுக்கு முழங்கைக்கு வந்தது. அங்கே நின்றது.

"எங்கை நிக்குது, அண்ணை?" அவருக்குத் தலையைத் திருப்ப முடியாது.

"முழங்கையிலை."

"முழங்கைக்கு என்ன போட்டிருக்கு?"

பஞ்சாங்கம் தரையில் விரித்துக் கிடந்தது. பார்த்தேன். நட்டம் என்று போட்டிருந்தது. "வழியிலை நிக்கிறது கணக்கில்லை," என்றேன்.

"எங்கை எழுதியிருக்கு?"

"எழுதத் தேவையில்லை. பஸ் ஒவ்வொரு தரிப்பிலையும் நிக்கும். நீர் இறங்கிற இடம்தான் நீர் போன இடம்."

அவர் அதைச் சற்று நேரம் சுவரோடு ஆலோசித்தார். ஏற்றுக்கொண்டது போலிருந்தது. ஆறு நாற்பது. ஆறு நாற்பத்தைந்து. அவர் தாழ்ந்த குரலில் திகதிகளைச் சொல்லத் தொடங்கினார். கடை எரிந்தது. தம்பியைப் பிடித்தது. ஊரைவிட்டது. சரியான வரிசை. நாலாவதில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நாற்பத்தொன்பதுக்கும் அது முழங்கையில் கல்லாக இருந்தது.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு மேசைவிளக்கை எடுத்து வந்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். இதுவும் செய்யக்கூடாத வேலைதான். ஒரு நாள் செய்தால் சாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் கோட்டுக் கையில் வட்டமாக விழுந்தது. கரி சேறானது. சேறு வாடிய இலையானது. கழுத்திலிருந்து பின்னுக்கு, நிதானமாக, ஏதோ கையெழுத்துப் போடுவது போலப் பச்சை இறங்கியது. ஏழு ஒன்றுக்கு ஒரு காலைத் தூக்கியது.

"அசையுது."

"மேலையோ கீழையோ?"

"மேலை."

"அண்ணை, என்ரை கை விறைச்சுப் போச்சு."

"கை விறைச்சால் பலனிலை ஒண்டும் போடேல்லை. பேசாமல் கிடவும்."

ஏழு எட்டுக்கு வலது தோளின் உச்சியில் நாலு காலும் பதிந்து நின்றது. சுற்றிப் பார்த்தது. அதைவிட உயரமான இடம் அந்த மனிதனில் இல்லை என்று திருப்திப்பட்டது.

"ஏறிட்டுது."

"வலதுதானே?"

"வலது."

"வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

"ஐசே, உமக்கு ரெண்டு தோள்தான் கிடக்கு. மற்றது புத்தகத்துக்கு மேலை."

அவர் எழும்பப் பார்த்தார். ஆனால் அது கோட்டுக் கம்பளியில் நகத்தைக் கொழுவியிருந்தது. கீழ்ப்பக்கமாக எடுத்தால் இறங்கியதாகிவிடும், பலன் மாறும் என்று கத்தினார். ஆகவே நேர் மேலே தூக்க வேண்டும். ஒவ்வொரு காலாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றும்போது முதலில் கழற்றியது மறுபடி பிடித்தது. கடைசியில் வாலையும் கழற்றித் தூக்கிக் கூட்டில் விட்டேன். தோளில் அது ஒரு சிறிய வெள்ளை அடையாளம் விட்டிருந்தது. பஞ்சாங்கத்தில் அதற்கு எதுவும் சொல்லியிருக்குமோ என்று நான் பார்க்கவில்லை. கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன், அவருக்கும் சொல்லவில்லை. ஏழு இருபத்தொன்றுக்கு விறைத்த கையை உதறிக்கொண்டு படியிறங்கினார். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பத்தியில், '6.14 முதல் 7.08 வரை: மனிதன்மேல்' என்று எழுதினேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். பதினொரு நிமிடம்தான் விசாரித்தார்களாம். திகதி கேட்டார்களாம். சொன்னாராம். பிறகு கோட்டோடு படுத்து, மாலைவரை தூங்கினார்.

கூட்டில் இருந்தது நாலு நாள் சாப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிளையில் இருந்தது. பகலில் கண் மூடுவது இந்த இனத்தில் கெட்ட அறிகுறி. ஐந்தாம் நாள் ஒரு பூச்சியை நாக்கால் அடித்தது. அந்த நாலு நாளும் நான் யாரோடும் கதைக்கவில்லை. வழக்குக்காரர் மட்டும் ஒவ்வொரு மாலையும் கேட்டார், "திண்டதோ?" என்று. முடிவு வருவதற்கு முன் அது செத்தால் தன் நிலை என்ன என்றுதான் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்து வருட அட்டை. அவர் அந்தக் கடிதத்தை மூன்று முறை என்னிடம் தந்து, பிரெஞ்சில் நாலாவது வரியைப் படிக்கச் சொன்னார். மூன்று முறையும் படித்தேன். மூன்றாவது முறை குந்தியிருந்து அழுதார். பேக்கரிக்காரர் அவரைத் தோளில் தட்டிவிட்டுக் கீழே போனார், ஊருக்குத் தொலைபேசி எடுக்க வரிசையில் இடம் பிடிக்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் ஒரு கேக் செய்துகொண்டு வந்தார். திரான்சியிலிருந்தும் ஒபர்வில்லியேயிலிருந்தும் வழக்குக்காரரின் சொந்தக்காரர் நாலு பேர் வந்து கட்டிலில் வரிசையாக இருந்தார்கள். எப்படி வென்றது என்று கேட்டார்கள். வழக்குக்காரர் எழுந்து நின்று, அறையின் நடுவில், சேலைன் குழாய்க்குக் கீழே நின்று சொல்லத் தொடங்கினார். நீதவான் என்ன கேட்டார், தான் என்ன சொன்னார், மொழிபெயர்ப்பாளர் எங்கே தடுமாறினார், தான் எப்படி விரலைக் காட்டித் திருத்தினார், வேலி வழக்கில் பழகியதெல்லாம் எப்படிக் கைகொடுத்தது. இருபது நிமிடம். ஓணானைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசிப் புத்தகத்தைப் பற்றியும் இல்லை. என் ஒன்பது திகதிகளைப் பற்றியும் இல்லை. அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

மற்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. "இதையும் சொல்லுமன்," என்றேன், கூட்டைக் காட்டி.

"எதை?"

"ஏறினதை."

சொந்தக்காரர்கள் கூட்டைப் பார்த்தார்கள். வழக்குக்காரர் கொஞ்சம் சிரித்தார், வந்தவர்களுக்கு முன்னால் சின்னப்பிள்ளைக் கதை கதைக்கிற ஒருவரைப் பார்ப்பது போல.

"அது சும்மா ஒரு மனத்தைரியத்துக்கு, அண்ணை. நான் கதைச்ச கதையிலைதான் வெண்டது."

"ஐம்பத்து நாலு நிமிஷம் ஏறினது ஆர்?"

"ஐம்பத்து நாலு நிமிஷம் விறைச்சுப்போய்க் கிடந்தது ஆர்?"

"நாலு நாள் பட்டினி கிடந்தது ஆர்? வலது தோளிலை அச்சொட்டாய் நிண்டது ஆர்? ஒரு சாண் தள்ளிக் கழுத்திலை நிண்டிருந்தால் என்ன பலன் எண்டு தெரியுமோ உமக்கு? பஞ்சாங்கத்தை எடும், வாசிச்சுக் காட்டுறன்!"

நான் எழுந்து நின்றிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். குரலும் உயர்ந்திருந்தது. திரான்சிச் சொந்தக்காரர் ஒருவர் தன் கட்டில் பக்கத்து ஆளிடம், இந்த அண்ணை என்ன கோயில் பூசகரோ என்று கேட்டது காதில் விழுந்தது. பேக்கரிக்காரர் கத்தியை என் கையில் திணித்தார்.

"வெட்டுங்கோ அண்ணை கேக்கை. உங்களுக்குப் பல்லிப் பலனிலை இவ்வளவு நம்பிக்கை எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு."

எட்டுத் துண்டாக வெட்டினேன். ஏழு பேர்தான் இருந்தோம். எட்டாவதை யாரும் எடுக்கவில்லை; ஓணான் கேக் தின்னாது என்று எல்லாருக்கும் விளக்கினேன்.